தங்கை கடல் உயிரியல் படிக்கலாமா?

விழுப்புரத்திலிருந்து ஓர் அண்ணன் கேட்டிருக்கிறார். பிளஸ் டூ முடித்த தங்கை கடல் உயிரியல்தான் படிப்பேன் என்று அடம்பிடிக்கிறாளாம். அப்பா நர்சிங்கில் சேர்க்கலாம் என்கிறாராம். தங்கைக்கு நீச்சல்கூடத் தெரியாதாம். எந்தக் கல்லூரி நல்லது, படித்தால் வேலை கிடைக்குமா என்பது அவர் கேள்வி. ஆனால் நடுவில் ஒரு வரி போட்டிருக்கிறார்: "யூடியூபில் திமிங்கலம் பார்த்துப் பிடித்த ஆசை." அந்த வரியில்தான் உண்மையான கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது. இந்த ஆசையை நம்பி ஐந்து வருஷத்தையும் வீட்டுப் பணத்தையும் போடலாமா என்றுதான் அவர் கேட்கிறார். அதற்கு முதலில் பதில் சொல்கிறேன். கல்லூரிப் பெயர்கள் பின்னால் வரும்.

நான் பரங்கிப்பேட்டையில் எம்.எஸ்ஸி. கடல் உயிரியல் படித்தவன். அதன்பின் இருபத்திரண்டு வருஷமாகக் கடல்தரைச் சேற்றில் வாழும் உயிர்களை எண்ணுகிற வேலை. எனக்கு நன்றாகத் தெரிந்தது பழவேற்காட்டிலிருந்து ராமேஸ்வரம் வரையிலான கரை. ஆய்வகத்துக்குள்ளேயே நடக்கும் மரபணு வேலைகளும், கடற்பாசியிலிருந்து மருந்து எடுக்கும் ஆராய்ச்சிகளும் நான் தள்ளி நின்று பார்த்தவைதான். அந்தப் பக்கம் போக நினைப்பவர்கள் அங்கே இருப்பவர்களைக் கேட்பதே நல்லது.

திமிங்கலத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த இருபத்திரண்டு வருஷத்தில் நான் உயிரோடு பார்த்த திமிங்கலங்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். கரை ஒதுங்கிச் செத்ததைப் பார்த்தது அதைவிட அதிகம். கடல் உயிரியல் படிக்கிறவரின் நாள் எப்படிப் போகும் என்று என் வேலையை வைத்தே சொல்கிறேன். விடியும் முன் படகில் போய், இரும்புத் தாடை மாதிரியான ஒரு கருவியைக் கயிற்றில் கட்டிக் கீழே இறக்குவோம். அது தரையைத் தொட்டதும் வாயை மூடிச் சேற்றைக் கவ்விக்கொள்ளும். மேலே இழுத்து, அந்தச் சேற்றை அரை மில்லிமீட்டர் கண் உள்ள சல்லடையில் கொட்டி, கடல்நீர் விட்டு அலசுவோம். மிஞ்சுவதை, அழுகாமல் காக்கும் பார்மலினில் போட்டு, ரோஸ் பெங்கால் என்ற சாயத்தையும் சேர்த்து மூடிவைப்போம். சாயம் உயிர்களில் மட்டும் ஏறி இளஞ்சிவப்பாக்கும், மணலும் கிளிஞ்சல் தூளும் நிறம் மாறாமல் கிடக்கும். அப்புறம் ஆய்வகத்தில் உட்கார்ந்து, தட்டில் பரப்பி, இடுக்கியால் ஒவ்வொரு சிவப்புத் துணுக்காகப் பொறுக்க வேண்டும். பெரும்பாலும் பாலிகீட் புழுக்கள்தான் வரும். மண்புழுவின் கடல்வழிச் சொந்தக்காரர்கள். விரல் நகத்தைவிடச் சிறிய ஒரு புழுவுக்குப் பெயர் சொல்ல, அதன் பக்கவாட்டு முடிகளின் வடிவத்தை நுண்ணோக்கியில் பார்த்தாக வேண்டும். ஒரு நாள் படகுக்கு மூன்று வாரம் நாற்காலி என்று எங்களுக்குள் ஒரு கணக்கு உண்டு.

இதைப் படிக்கும்போது உங்கள் தங்கைக்குச் சலிப்பு வருகிறதா, அல்லது "அந்த முடி எப்படி இருக்கும்?" என்று கேட்கத் தோன்றுகிறதா? இதைத்தான் கவனிக்க வேண்டும். கடல் மேல் ஆசை இல்லாதவர் யாருமில்லை. எண்ணுவதில் ஆசை வருகிறவர்கள் குறைவு, இந்தப் படிப்பில் அவர்கள்தான் நிலைக்கிறார்கள். பெரிய விலங்குகளை நேசித்து வந்தாலும் கடைசியில் இங்கேதான் வந்து சேர வேண்டியிருக்கும். பாக் விரிகுடாவில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை 2022ல் கடற்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது. எங்கள் கரையில் ஆவுளியா என்று சொல்லும் அந்த விலங்கு கடல்புல்லை மேய்ந்து வாழ்வது. அதனால் ஆவுளியாவைக் காக்கப் போகிறவர் நாள் முழுக்கப் பார்ப்பது புல்லை. தரையில் ஒரு சதுரச் சட்டகத்தை வைத்து, அதற்குள் எத்தனை குருத்து, என்ன இனம், எவ்வளவு அடர்த்தி என்று எழுதுவார். விலங்கு கண்ணில் படாமலே ஒரு வருஷ வேலை முடிந்துபோகலாம்.

படிப்பில் உயிரியல் மட்டும் இருக்கும் என்று நினைத்து வருகிறவர்கள் முதல் பருவத்திலேயே திகைத்துப்போவார்கள். கடல்நீரின் இயற்பியல், வேதியியல், படிவுகள், நீரோட்டம் எல்லாம் உண்டு. எனக்கு இன்றும் மறக்காதது வெள்ளாற்று முகத்துவாரத்தில் செய்த இருபத்துநான்கு மணி நேர மாதிரி சேகரிப்பு. மூன்று மணிக்கு ஒருமுறை நீர் எடுக்க வேண்டும். கரைந்த ஆக்சிஜனை அளக்கும் பாட்டிலில் அங்கேயே மருந்து விட்டாக வேண்டும், கரைக்குப் போய்ச் செய்யலாம் என்று விட்டால் அளவு மாறிவிடும். மருந்து விழுந்ததும் பழுப்பாகத் திரளும். அமிலம் விட்டால் தெளிந்து மஞ்சளாகும். ஸ்டார்ச் சேர்த்தால் நீலம். அந்த நீலம் சட்டென்று மறையும் சொட்டுக்காக, இரவு இரண்டு மணிக்குக் கண்ணைக் கசக்கிக்கொண்டு ப்யூரெட்டைப் பார்த்துக்கொண்டிருப்போம். அலுப்புதான். ஆனால் விடிந்ததும் எண்களை வரிசையாக எழுதிப் பார்க்கும்போது, ஓதம் (கடலின் ஏற்ற இறக்கம்) ஏறியதும் உப்பு ஏறியதும், இரவில் ஆக்சிஜன் இறங்கி வெயில் வந்ததும் ஏறியதும் தாளில் தெரிந்தது. எங்கள் கரையில் ஓதம் ஒரு மீட்டருக்குக்கூட ஏறுவதில்லை. அந்தச் சின்ன ஏற்றத்துக்கே ஆறு இப்படி மாறுகிறது. ஐப்பசி, கார்த்திகை வெள்ளத்தில் அதே இடத்தில் உப்பே இல்லாமல் போகும், சித்திரையில் கிட்டத்தட்டக் கடல் அளவுக்கு ஏறிவிடும். ஒரே இடத்தில் வாழும் நத்தையும் நண்டும் இதையெல்லாம் எப்படித் தாங்குகின்றன என்ற கேள்வி எனக்கு அன்றைக்குத்தான் பிடிபட்டது.

இன்னொன்று கணக்கு. இது வேண்டாம் என்றுதான் பலர் பிளஸ் டூவில் உயிரியல் எடுக்கிறார்கள். ஆனால் புள்ளியியல் தெரியாமல் இந்தத் துறையில் இன்று ஒரு கட்டுரைகூட எழுத முடியாது. ஆர் (R) என்ற இலவசப் புள்ளியியல் மென்பொருளை முதல் வருஷத்திலேயே தங்கை கற்றுக்கொள்ளத் தொடங்கினால், உடன் படிப்பவர்களில் பாதிப்பேரைத் தாண்டிவிடுவார். பாடத்திட்டம் இதை எவ்வளவு வலியுறுத்தும் என்பது இடத்துக்கு இடம் மாறும், வலியுறுத்தும் வரை காத்திருக்க வேண்டாம்.

இனி எந்த வழியில் படிப்பது என்பதற்கு வருகிறேன். குடும்பங்கள் அதிகம் குழம்புவது இங்கேதான். தமிழ்நாட்டில் இரண்டு பாதைகள் உண்டு, பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் போய்ச் சேரும் ஊர் வேறு. முதலாவது, பி.எஸ்ஸி. விலங்கியல் மாதிரி ஒரு பட்டம் மூன்று வருஷம், அதன்பின் எம்.எஸ்ஸி. கடல் உயிரியல் இரண்டு வருஷம். இரண்டாவது, பி.எப்.எஸ்ஸி. எனும் மீன்வள அறிவியல், நான்கு வருஷத் தொழிற்படிப்பு. நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா மீன்வளப் பல்கலைக்கழகத்தின் கீழ், தூத்துக்குடி, பொன்னேரி, தலைஞாயிறு கல்லூரிகளில் இருக்கிறது. தூத்துக்குடிக் கல்லூரி 1977லேயே தொடங்கியது. மீன் வளர்ப்பு, பதப்படுத்துதல், வலை, படகு, நோய், பொருளாதாரம் என்று கை வேலையோடு சேர்த்துச் சொல்லிக்கொடுப்பார்கள். அரசு மீன்வளத்துறை வேலையும் இறால் பண்ணை, ஏற்றுமதி வேலையும் குறியாக இருந்தால் இரண்டாவது பாதையே நேர் வழி. பவளம், புழு, மிதவை உயிர், சூழலியல் என்று உயிரை உயிராகவே பார்க்கும் ஆசை என்றால் முதலாவது.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. பி.எப்.எஸ்ஸி. முடித்தவர் மனம் மாறிக் கடல் உயிரியல் பக்கம் வர வழி உண்டு. விலங்கியல் படித்தவர் பின்னால் எம்.எப்.எஸ்ஸி. எனும் மீன்வள முதுகலைக்குப் போக நினைத்தால் அநேகமாகக் கதவு சாத்தியிருக்கும், அதற்குப் பெரும்பாலும் நான்கு வருஷ மீன்வளப் பட்டம்தான் கேட்பார்கள். ஆகவே ஆசை எந்தப் பக்கம் என்று தங்கைக்கே இன்னும் தெளிவில்லை என்றால், மதிப்பெண் இடம் கொடுத்தால், பி.எப்.எஸ்ஸி.க்கும் ஒரு விண்ணப்பம் போட்டுவிடச் சொல்வேன். என் வகுப்பில் இதைச் சொல்ல ஆளில்லாமல் பின்னால் வருந்தியவர்கள் இரண்டு பேரை எனக்குத் தெரியும்.

எம்.எஸ்ஸி.க்கு இடங்கள் என்றால், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டை மையத்தை முதலில் சொல்வேன். நான் படித்த இடம் என்ற பாசமும் இதில் இருக்கிறது, கழித்துக்கொள்ளுங்கள். வெள்ளாறு கடலில் கலக்கும் இடத்திலேயே வகுப்பறை, தெற்கே கொஞ்ச தூரத்தில் பிச்சாவரம் சதுப்புக்காடு. பெயர் எழுதி வைத்த உயிரினங்கள் நிறைந்த அருங்காட்சியகம் ஒன்றும் அங்கே உண்டு. அழகப்பா பல்கலைக்கழகத்துக்குத் தொண்டியில் கடல்சார் துறை இருக்கிறது, வாசலைத் தாண்டினால் பாக் விரிகுடாதான். வெளியே போகலாம் என்றால் கொச்சிப் பல்கலைக்கழகமும், புதுவைப் பல்கலைக்கழகத்தின் போர்ட் பிளேர் வளாகமும் நல்ல பெயர் எடுத்தவை. பவளப்பாறையைப் பக்கத்திலேயே வைத்துப் படிக்க அந்தமான் மாதிரி வேறு இடம் நம் நாட்டில் சிரமம். ஆனால் வீட்டை விட்டுத் தொலைவு, கப்பல், விமானச் செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

பட்டியலைவிட முக்கியம், போய்ப் பார்த்துக் கேட்பது. மாணவர்களைப் படகில் ஒரு வருஷத்தில் எத்தனை முறை கூட்டிப்போகிறீர்கள்? நுண்ணோக்கி ஒருவருக்கு ஒன்றா, ஆறு பேருக்கு ஒன்றா? இன்னமும் உயிரினத்துக்குப் பெயர் சொல்லத் தெரிந்த ஆசிரியர் யார் இருக்கிறார்? இந்தக் கடைசிக் கேள்வியை விடவே விடாதீர்கள். வகைப்பாட்டியல் தெரிந்தவர்கள் ஓய்வு பெற்றுக்கொண்டே போகிறார்கள், அவர்கள் இடத்துக்கு ஆள் வரவில்லை. நுண்ணோக்கிக்குப் பக்கத்தில் உட்காரவைத்து "இது அதில்லை, நல்லா பார்" என்று சொல்லும் ஒருவரிடம் இரண்டு வருஷம் இருப்பது, எந்தக் கட்டடத்தையும்விட மேல்.

நீச்சல் பற்றி எழுதியிருந்தீர்கள். சேர்க்கைக்கு நீச்சல் கேட்டு நான் பார்த்ததில்லை, தெரியாமலே முனைவர் பட்டம் வாங்கியவர்கள் பலர். ஆனால் படகில் ஏறுகிற எவருக்கும் நீச்சல் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் கண்டிப்பான கருத்து. சேருவதற்கு முன் கிடைக்கும் இரண்டு மாத விடுமுறையே போதும். காற்று உருளையோடு மூழ்கும் ஸ்கூபா என்பது அதற்கப்புறம், பவளம் அல்லது கடல்புல் பக்கம் போனால்தான் தேவை. முதல் நிலைச் சான்றிதழோடு பதினெட்டு மீட்டர் வரை இறங்கலாம், மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றியுள்ள பவளப்பாறைகளுக்கு அதுவே தாராளம்.

பெண் பிள்ளையைக் கடலுக்கு எப்படி அனுப்புவது என்று நீங்கள் எழுதவில்லை, அப்பா மனதில் இருக்கும் என்று ஊகிக்கிறேன். ராமேஸ்வரம், பாம்பன் பக்கம் தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் கடலுக்குள் மூழ்கி மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி எடுத்துக் குடும்பம் நடத்துகிறார்கள். கண்ணாடி மாட்டிக்கொண்டு, மூச்சை அடக்கி, கையால் பறிப்பது. எங்கள் துறையில் பாதிப்பேர் அவர்களிடம் போய் நின்று கேட்டுத்தான் பாசியைப் படித்தோம். நிஜமான சிரமம் வேறு இடத்தில் இருக்கிறது. சின்னப் படகுகளில் கழிப்பறை கிடையாது. காலை நான்கு மணிக்கு ஏறி மதியம் வரை தண்ணீர் குடிக்காமல் இருந்த தோழிகளை எனக்குத் தெரியும், அதனால் உடம்பு கெட்டவர்களும் உண்டு. களப்பயணத்துக்கு எந்த மாதிரிப் படகு, கூட வரும் ஆசிரியர்களில் பெண்கள் இருக்கிறார்களா என்று வெட்கப்படாமல் கேளுங்கள்.

வேலைக்கு வருவோம். எனக்கு உறுதியாகத் தெரிந்ததை முதலில் சொல்கிறேன். எம்.எஸ்ஸி. முடித்து, நெட் எனும் தேசியத் தகுதித் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகையோடு தேறினால், 2023 முதல் மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப் படியும் உண்டு, இரண்டு வருஷம் கழித்து 42,000. அது இல்லாமல் ஆய்வுத் திட்டங்களில் ஒப்பந்த வேலை பார்த்தால் தொகை குறையும், திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். நான் பார்த்தவரை நம் பிள்ளைகளில் பெரும்பகுதி இருபதுகளின் பிற்பாதியை இப்படிப்பட்ட இரண்டு மூன்று ஒப்பந்தங்களில்தான் கழிக்கிறார்கள். நிலையான இடங்கள் இருக்கின்றன. 1947ல் தொடங்கி இப்போது கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம், சென்னையில் உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம், தேசிய கடல் தொழில்நுட்பக் கழகம், கோவாவில் தேசிய கடலியல் கழகம், இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் சென்னைக் கடல் மையம். ஆனால் ஒரு இடத்துக்கு எத்தனை பேர் முட்டுவார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

தனியாரில் இரண்டு பெரிய வாசல்கள். ஒன்று இறால். வனாமி இறால் 2009ல் இந்தியாவுக்குள் வந்த பிறகு குஞ்சுப் பொரிப்பகங்களும் தீவன நிறுவனங்களும் ஆள் எடுத்துக்கொண்டே இருக்கின்றன. மரக்காணம் பக்கம் போனாலே பார்க்கலாம், உங்களுக்கு அது தொலைவில்லை. மற்றது நான் இருக்கும் சுற்றுச்சூழல் ஆய்வு வேலை. துறைமுகம், அனல்மின் நிலையம், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை, எது வந்தாலும் கடற்கரை ஒழுங்குமுறை அனுமதிக்கு முன் அங்கே என்ன உயிர் இருக்கிறது என்று யாராவது எண்ணித் தர வேண்டும். இதில் ஒரு மனக்கசப்பும் உண்டு, மறைக்கவில்லை. எண்ணித் தரும் காசைக் கொடுப்பவர் அந்த ஆலையைக் கட்டப்போகிறவரே. எண்ணிக்கையைக் கொஞ்சம் "பார்த்து" எழுதச் சொல்லி ஒருமுறை எனக்கு நெருக்கடி வந்தது. நான் மறுத்தேன், அடுத்த இரண்டு வேலை கைநழுவிப் போனது. தங்கைக்கும் இப்படி ஒரு நாள் வரும்.

கல்லூரி ஆசிரியர் வேலை பலருக்குக் கனவு. இங்கே ஒரு எச்சரிக்கை. பணியிடம் அறிவிக்கும்போது "விலங்கியல்" என்றுதான் போடுவார்கள். கடல் உயிரியல் முதுகலைப் பட்டம் விலங்கியலுக்குச் சமமா என்பதை அரசாணைதான் முடிவு செய்யும், அதுவும் பல்கலைக்கழகம் வாரியாக, பட்டத்தின் பெயர் வாரியாக. பட்டப் பெயரில் ஒரு சொல் கூடிப்போனதால் விண்ணப்பம் தள்ளுபடியானவர்களைப் பார்த்திருக்கிறேன். சேருவதற்கு முன்பே, அந்தப் பட்டத்துக்குச் சமநிலை ஆணை இருக்கிறதா என்று அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

சந்தேகத்துக்குரியது எதிர்காலம். 2020ல் 20,050 கோடி ரூபாயில் மத்திய மீன்வளத் திட்டம் வந்தது, 2021ல் 4,077 கோடியில் ஆழ்கடல் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. தொகைகள் நிஜம். இவை நிரந்தர வேலைகளாக மாறுமா, ஒப்பந்தங்களாகவே தங்கிவிடுமா என்று கேட்டால், இதுவரை பார்த்த வழக்கத்தை வைத்து எனக்கு இரண்டாவதுதான் தோன்றுகிறது. தவறாகப் போனால் சந்தோஷப்படுவேன். பவளத்தைச் செயற்கையாக ஒட்டி வளர்க்கும் வேலைக்கு இப்போது மவுசு இருக்கிறது. 2010, 2016 என்று கடல் சூடேறிப் பவளம் வெளுத்த ஆண்டுகளைப் பார்த்தவன் என்ற முறையில், அது எவ்வளவு தாங்கும் என்பதில் எனக்கு முழு நம்பிக்கை இல்லை. இதில் என்னோடு முரண்படும் நல்ல விஞ்ஞானிகள் இருக்கிறார்கள்.

சேர்ந்துவிட்டால் முதல் வாரத்திலேயே தெரிந்திருக்க வேண்டியவை இரண்டு. பவளம், கடல்குதிரை, கடல் அட்டை எல்லாம் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகின்றன. "மாதிரிக்கு" என்று கரையிலிருந்து ஒன்றை எடுத்துப் பையில் போட்டாலும் குற்றம்தான், மாணவர் அடையாள அட்டை காப்பாற்றாது. இரண்டாவது சின்ன விஷயம்: மாதிரிப் பாட்டிலுக்குள் போடும் சீட்டைப் பென்சிலில் எழுத வேண்டும். நான் முதல் வருஷம் பால்பாயின்ட் பேனாவில் எழுதி, மை கரைந்து, மூன்று நாள் படகு வேலையில் எந்தச் சேறு எந்த இடத்தது என்றே தெரியாமல் மொத்தத்தையும் கொட்டினேன்.

அப்பாவுக்கும் தங்கைக்கும் நடுவில் நீங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அது முடிந்து படகுகள் திரும்பத் தொடங்கியதும், ஒரு நாள் அதிகாலை தங்கையைக் கடலூர் முதுநகர்த் துறைமுகத்துக்கோ பரங்கிப்பேட்டை அன்னங்கோயிலுக்கோ கூட்டிப்போங்கள். அப்பாவும் வந்தால் இன்னும் நல்லது. ஏலம் நடக்கும் மீனைப் பார்க்க வேண்டாம். ஓரத்தில் கோழித் தீவனத்துக்கும் உரத்துக்கும் போகக் காத்திருக்கும் கழிவுக் குவியல் இருக்கும். நாற்றம் எடுக்கும். குட்டி நண்டு, பெயர் தெரியாத நத்தை, பெட்டி மாதிரி ஒரு மீன், சில நேரம் கடற்பாம்பு, எல்லாம் அதில் கிடக்கும். பாம்பைத் தொட வேண்டாம், செத்தது என்று யார் சொன்னாலும். வலை பிரிக்கிற அக்காக்களிடம் பத்து மீனுக்குப் பெயர் கேட்கச் சொல்லுங்கள். அங்கே சீலா என்று ஒரு மீனைக் காட்டுவார்கள். தூத்துக்குடிக்காரரிடம் சீலா என்று கேட்டால் வஞ்சிரத்தைக் காட்டுவார், முதலாவதை ஊளி என்பார். ஒரே பெயருக்கு எப்படி இரண்டு மீன் என்று தங்கை திரும்பும் வழியில் பேருந்திலேயே குடைய ஆரம்பித்தால், அப்பாவிடம் பேசிப்பாருங்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு எப்போது கிளம்பலாம் என்று கேட்டால், நர்சிங் ஒன்றும் குறைந்த படிப்பில்லை.